தவளை வரைந்த கண்பட்டை

பிப்ரவரி 8, ஞாயிறு

"மிஸ், ஒண்ணையே தேடிக்கிட்டு இருந்தா அது எல்லா இடத்துலயும் இருக்குமா, இல்ல இருக்கிற மாதிரி தெரியுமா?" எட்டாம் வகுப்பு நோரீன் கேட்டது. இருபது வருடம் இருக்கும். வகுப்பையே ஒரு வாரம் மஞ்சள் கார்களை மட்டும் எண்ணி வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வகுப்பே கத்தியது, ஊரில் பாதிப் பேர் மஞ்சள் கார் வாங்கிவிட்டார்கள் என்று. நான் நடத்திய பாடங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்று அது ஞாபகம் வந்த விதம் நன்றாக இல்லை.

டிவியில் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம். பக்கத்து வீட்டு டுவேனும் அவன் மனைவி மார்சியும் எப்போதும்போல வந்திருந்தார்கள். இடைவேளை நிகழ்ச்சியில் பாடகி விரல்களைச் சேர்த்து முகத்துக்கு முன்னால் பிடித்தாள். என் கணவன் வெர்லின் ரிமோட்டை அழுத்தித் திரையை நிறுத்தினான்.

"பாருங்க. முக்கோணம். நடுவுல ஒரு கண்ணு. சும்மா பண்றதில்ல இது. மேல ஒரு கூட்டம் இருக்கு. அவங்க தங்களுக்குள்ள பேசிக்கிற பாஷை."

டுவேன் ஒரு முக்கோணச் சோளச் சிப்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டான். "அப்போ நானும் சேர்ந்துட்டேன்டா வெர்லின். சம்பளம் மாசாமாசமா, வாராவாரமா?"

மார்சி சிரித்தாள். நான் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன். வெர்லின் என்னை மட்டும்தான் பார்த்தான். ரிமோட்டை வைத்துவிட்டு பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனான். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடத்தில் அவன் இரண்டாம் பாதி பார்க்காத முதல் இறுதி ஆட்டம்.

பிப்ரவரி 20, வெள்ளி

வெர்லின் இன்றும் கீழேதான், அந்தப் பாடகியின் வீடியோவோடு. மூன்று நொடிப் பாட்டு, நிறுத்தம், மறுபடி அதே மூன்று நொடி. தரை வழியாக என் காலுக்கு வருகிறது.

மார்ச் 3, செவ்வாய்

மஞ்சள் கார் கதையைச் சொல்லிப் பார்த்தேன். நீயும் ஒரு வாரம் எண்ணிப் பாரேன் என்றேன்.

"நான் உன் எட்டாம் வகுப்புப் பையன் இல்ல, லோர்னா. முப்பது வருஷம் இந்த மாவட்டத்து ரோட்டுக்கெல்லாம் பலகை எழுதினவன். காரணமில்லாம ஒருத்தனும் பலகை நட மாட்டான். வளைவு இருந்தாத்தான் வளைவுன்னு எழுதுவான்."

அவன் எழுதிய பலகைகளை நம்பித்தான் நானும் இத்தனை வருடம் கார் ஓட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

டிரெஸ்ஸா படம் அனுப்பியிருக்கிறாள்! லாஸ் ஏஞ்சலஸில் பெரிய விருது விழா. மேடைக்குப் போகும் ஒரு பாடகிக்கு என் மகள்தான் ஒப்பனை. இருவரும் சிரிக்கிறார்கள். டிரெஸ்ஸா விளையாட்டாகப் பவுடர் பஞ்சை ஒரு கண்ணின் மேல் வைத்திருக்கிறாள்.

வெர்லினிடம் காட்டினேன். ஓடிப் போய்க் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"அவளையும் பிடிச்சுட்டாங்க."

மார்ச் 19, வியாழன்

அந்தப் படத்தை அவனுடைய இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறான். அவள் பெயரோடு. நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

டிரெஸ்ஸா அழுகையோடு கூப்பிட்டாள். "யார் யாரோ போன் பண்றாங்கம்மா. ஒருத்தன் வீட்டுக் கதவைத் தட்டி, 'உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்'னு சொல்றான். வேலைக்கு இப்போ வர வேணாம்னுட்டாங்க. அப்பாவை அதை எடுக்கச் சொல்லும்மா."

கீழே போனேன். கெஞ்சினேன். கத்தவும் செய்தேன்.

"காப்பாத்துங்கன்னு ஊரைக் கூப்பிட்டிருக்கேன்," என்றான். "இப்போ எடுத்தா என் பொண்ணை நானே கைவிட்ட மாதிரி ஆயிடும்."

அவன் பொய் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது. அவன் தூங்கியே பல நாள் இருக்கும். கெட்டவனாக இருந்தால்கூடச் சண்டை போடலாம். இவனை நான் என்ன செய்ய?

மார்ச் 22, ஞாயிறு

காலையில் திடீரென்று அந்த நோட்டு ஞாபகம் வந்தது. பரணில் இருந்து எடுத்தேன்.

டிரெஸ்ஸாவுக்கு நாலு வயதில் ஒரு கண் சோம்பேறிக் கண். அதற்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினம் ஆறு மணி நேரம் மூடி வைக்கச் சொன்னார் டாக்டர். கண்ணில் ஒட்டும் பட்டையைப் பார்த்தாலே அழுவாள். வெர்லின் வேலைக்குப் போகும் முன் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு படம் வரைவான். பலகைக்கு வாங்கிய பெயின்ட்தான். தவளை, டிராக்டர், பூசணிக்காய். "இன்னிக்கு என்னப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவள் முகத்தை நீட்டுவாள். கழற்றியதையெல்லாம் அவன் நோட்டில் ஒட்டி வைத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு.

கீழே கொண்டுபோய் அவன் மடியில் வைத்தேன்.

தவளையை விரலால் தொட்டான். பக்கத்தைத் திருப்பினான். ஒரு பிள்ளைக்குக் கணக்குப் புரியும்போது முகத்தில் ஒன்று வருமே, முப்பத்தோரு வருடம் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அது வந்தது. வந்தது என்று சத்தியமாக நினைத்தேன்.

"அப்பவே அடையாளம் வெச்சுட்டாங்க, லோர்னா," என்றான். "நாலு வயசுலயே. என் கையாலயே வரைய வெச்சுட்டாங்களே."

அழுதான். நானும் அழுதேன். அருகருகே உட்கார்ந்துதான். ஆனால் ஒரே விஷயத்துக்காக இல்லை.

மார்ச் 23, திங்கள்

தவளையைப் படம் பிடித்து அதையும் போட்டுவிட்டான். நான்தானே கொண்டுபோய்க் கொடுத்தேன்?

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். டிரெஸ்ஸா வரவில்லை. வீடு மாறிவிட்டாள். புது எண்ணை எனக்கு மட்டும் தந்திருக்கிறாள். "அப்பாகிட்ட சொல்லாதம்மா. உன் போன்ல கூடப் போட்டு வைக்காத." எண்ணை மனப்பாடம் செய்துகொண்டேன். என் வீட்டில், என் மகளின் எண்ணை.

விருந்துக்குப் பன்றித்தொடை சின்னதாகத்தான் வாங்கினேன். வெர்லின் மேலே வந்து மூன்று தட்டு வைத்தான்.

"வருவா," என்றான். "தவளைப் படத்தைப் பார்த்திருப்பா. அப்பா மறக்கலைன்னு புரிஞ்சிருக்கும்."

மூன்றாவது தட்டு அப்படியே இருக்க, அவன் மறுபடி கீழே போனான். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். இன்னொரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டேன். "சரி வெர்லின், எனக்குக் காட்டு. முதல்ல இருந்து காட்டு. நான் சிரிக்க மாட்டேன்."

திரையைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"இப்போ எதுக்கு கேக்கற?" என்றான். "உன்னை யார் அனுப்பினாங்க?"

மேலே வந்து மூன்றாவது தட்டைக் கழுவி வைத்தேன்.

இந்த டைரி யார் கைக்குப் போகும் என்று தெரியாது. போனால், ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் ஒருவர் திரையை நிறுத்தி 'இதைப் பார்' என்று சொல்லும் முதல் நாளே, சிரிக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருக்கு அதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.