கோட்டைக்கு வெளியே முதல் இரவு

14.7.86 திங்கள்

மூன்றாவது நாளாக மழை. இந்த நாட்டில் ஜூலையில்தான் குளிர்காலம். ஜன்னல்கள் உட்பக்கம் வியர்த்து வடிகின்றன. அபிக்கு இழுப்பு இல்லை. இருமல் மட்டும் கொஞ்சம்.

பாடசாலையிலிருந்து ஃபோன். வியாழன் பத்து மணிக்கு வரட்டாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடப் பாடம். பின்னால் இருந்து பார்ப்பார்கள். பிடித்துக்கொண்டால் கிழமையில் இரண்டு நாள் வேலை. மத்தியதரைக் கடல் படிக்கிற வகுப்பு. அதில் ஒரு சிறு தீவு. எது என்பது என் விருப்பம்.

புவியியலில் பட்டம். இரண்டு வருடம் படிப்பித்தேன். பிறகு மூன்று வருடமாக அபிக்குச் சோறு குழைத்துத் தீத்தியதுதான். வாய் வருமா?

அதைவிட அபி. பிறந்ததிலிருந்து ஒரு மணித்தியாலம்கூட என்னை விட்டு இருந்ததில்லை. இவருக்கு ஒடாஹுஹு தொழிற்சாலையில் லீவு கிடையாது.

செய்ய: அட்லஸ். இருமல் மருந்து. சேலையா, பாவாடை சட்டையா?

15.7.86 செவ்வாய்

மழை. ஒனிஹங்கா நூலகம். அபி கதிரைக்குக் கீழே, நான் அட்லசுக்கு மேலே.

கோசோ. மால்ட்டாவுக்கு வடமேற்கே. நீளம் ஒன்பது மைல், அகலம் அதில் பாதி. ஆறு கிடையாது, எல்லாம் சுண்ணாம்புக்கல். வாசித்ததும் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். யாழ்ப்பாணத்துத் தரையும் அதுதானே.

நோட்ஸ்:
– மேலே பவளச் சுண்ணாம்புக்கல், கீழே நீலக் களி. மழை கல்லுக்குள் இறங்கும், களியில் நிற்கும், பக்கத்தால் ஊற்றாக வரும்.
– உப்புப் பாத்திகள். கரைப் பாறையில் சதுரம் சதுரமாக வெட்டியவை.
– பிரமிட்டுகளுக்கும் முந்திய கற்கோயில்கள்.
– 16ஆம் நூ. கப்பல்களில் வந்தவர்கள் ஏறக்குறையத் தீவுச் சனம் முழுவதையும் அடிமைகளாக ஏற்றிப் போனார்கள். பிறகு மால்ட்டாவிலிருந்து சனம் வந்து குடியேறியது.
– ஒரு சட்டம். இருட்டினால் எல்லோரும் நடுக்குன்றில் இருக்கும் கோட்டைக்குள் போய்த்தான் படுக்க வேண்டும். 17ஆம் நூ. வரை.

சட்டத்தை மூன்று தரம் வாசித்தேன். பொழுதுபட்டால் பிள்ளையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு மலையேறும் தாய்மார். நல்ல சட்டம் என்று இவரிடம் சொன்னேன்.

“உம்மை விட்டா ஒனிஹங்காவிலயும் ஒரு கோட்டை கட்டுவீர்.”

படுக்கப் போகுமுன் நான் பார்ப்பவை நாலு: முன்கதவு, பின்கதவு, ஹீட்டர், அபியின் மூச்சு. இவர் கட்டிலில் கிடந்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். எண்ணட்டும்.

பின்னேரம் ஜன்னல் ஈரத்தில் விரலால் கோசோ கீறிப் பழகினேன். பார்க்காமல் கீற வேண்டும், அப்படித்தான் எங்களைப் பழக்கினார்கள். நான் கீற அபி அழித்தாள். பதினொரு தரம்.

“நோட்ஸ் சொல்லி எழுதுவிக்கப் போறீரோ?”
“ஓம்.”
“இஞ்சத்தப் பிள்ளையள் எழுதாதுகள். கேள்விதான் கேக்குங்கள்.”
“கேட்டா?”
“பதில் சொல்லும்.” சிரிப்பு வேறு.

16.7.86 புதன்

தூறல். முன்வீட்டு ராஜம்மா அக்கா அபியை வைத்திருக்கச் சம்மதம். பீஜியில் பிறந்தவர். வீட்டில் கேட்டுப் பழகிய தமிழ், நடுவில் ஹிந்தி. அபியைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு விபரமாக எழுதிக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, எனக்குப் பேசத்தான் வரும். எழுத்து யாரு சொல்லிக் குடுத்தா? நீ வாயால சொல்லு.”

வாயால் சொல்ல மூன்றாவது விஷயத்திலேயே வெட்கம் வந்துவிட்டது. பாலின் சூட்டை மணிக்கட்டில் பார்க்க வேண்டும் என்றேன்.

“அஞ்சு பெத்தவகிட்ட பாலப் பத்திச் சொல்றா பாரு.” சட்டியில் கிடந்த மீனிடம் சொல்கிறார்.

மிச்சத்தை விட்டுவிட்டேன். இழுப்பு வருகிறதா என்று நெஞ்சில் காது வைத்துப் பார்க்க வேண்டும், அது மட்டும். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

“எந்தப் பக்கம் வெக்கணும்?”

17.7.86 வியாழன்

மழை விட்டது. சேலைதான். மேலே இவருடைய கோட்டு.

அபியை ராஜம்மா அக்காவிடம் விட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று போய், திரும்பிப் பார்த்தேன். அபி அங்கே அக்காவின் பூனை வாலைப் பிடித்தபடி.

வகுப்புக்குள் போய் நின்றேன். எழும்பி வணக்கம் சொல்வார்கள் என்று காத்து நின்றேன். ஒருவரும் எழும்பவில்லை. முன்வரிசையில் சேலா என்ற தொங்கா தீவுப் பிள்ளை, நான் கதிரையில் இருக்கலாம் என்று எனக்கு அனுமதி தந்தாள்.

நோட்ஸ் சொல்லத் தொடங்கினேன். மூன்று பேனாக்கள் அசைந்தன. நான்காவது வரியில் இரண்டு. தாளை மேசையில் வைத்துவிட்டுப் பலகைக்குப் போய், சோக்கைப் பலகையிலிருந்து தூக்காமல் ஒரே கோட்டில் கோசோவைக் கீறினேன். அறை அடங்கிவிட்டது. பார்க்காமலா கீறினீர்கள் என்று யாரோ கேட்டார்கள். பிறகு கல், களி, ஊற்று. கப்பல்கள், கோட்டை, சட்டம். சட்டம் நீங்கியதும் சனம் வயல் வீடுகளிலேயே படுக்கலாம் என்றாயிற்று.

சேலா கை உயர்த்தினாள். அந்த முதல் இரவு அவர்களுக்கு நித்திரை வந்ததா?

என் தாளில் இல்லை. தெரியாது என்றேன். வகுப்பில் தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தரம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். தகப்பன் கதவடியில் இருந்திருப்பார் என்றது ஒன்று. மலையேறத் தேவையில்லாத ஆடுகளுக்குத்தான் சந்தோஷம் என்றது இன்னொன்று. பிள்ளைகள் படுத்திருப்பார்கள், அம்மாதான் முழித்திருப்பாள் என்றாள் சேலா. மணி அடித்தும் இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர் ஏதோ எழுதினார்.

பஸ்ஸால் இறங்கி ஓட்டம். அபி ராஜம்மா அக்கா வீட்டு நிலத்தில் குந்தியிருந்து தன் கையால் மீனும் சோறும் சாப்பிடுகிறாள். வீட்டை வா என்றால் “நாட் யெட்” என்கிறாள்.

“ரெண்டு தடவ காது வெச்சேன் தங்கச்சி. மூணாவது தடவ அவளே சட்டையத் தூக்கிக் காட்டுறா.”

18.7.86 வெள்ளி

வெயில். கொடியில் ஆறு நாள் உடுப்பு.

ஒன்பதரைக்கு ஃபோன். செவ்வாயும் வியாழனும், வருகிற கிழமையிலிருந்து. நன்றி என்று நாலு தரம் சொன்னேன் போல. அபியிடம் சொன்னேன். அவள் உடனேயே சப்பாத்துத் தேடத் தொடங்கிவிட்டாள், இன்றைக்கே போகலாம் என்று.

வாங்க: சோக்கு (நல்ல வெள்ளை). ராஜம்மா அக்காவுக்கு ஒரு டின் பிஸ்கட். பூனைக்கும் ஏதாவது.

இவர் சோற்றுக் கோப்பையோடு வந்து, “கோட்டையால வெளிக்கிட்டாச்சு” என்றார். இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார்.

முன்கதவு பார்த்தாயிற்று. ஹீட்டர் பார்த்தாயிற்று. அபி ஒரு பக்கமாகச் சரிந்து, வாய் திறந்து, நல்ல மூச்சு. இவர் எண்ணத் தொடங்கி, இரண்டிலேயே நித்திரை.

பின்கதவு பார்த்தேனா? ஞாபகம் இல்லை. பூட்டியிருப்பேன். கண் சொருகுகிறது, படுக்க