கடல் இருக்கணும், வரிசை இருக்கக் கூடாது

பழனி அடிவாரம்
20.11.2024

பூம்பாறை சம்பந்தியம்மா அன்னக்கொடி அவர்களுக்கு வணக்கம்.

இங்கு யாவரும் நலம். அங்கு வெள்ளாமையும் மனிதர்களும் சுகம்தானே?

என் மகனும் உங்கள் மகளும் போட்டிருக்கும் சட்டத்தை லாவண்யா உங்களிடமும் சொல்லியிருப்பாள். டிசம்பர் இருபதிலிருந்து மூன்று நாள், நீங்களும் நானும் மட்டும் ஏதாவது ஒரு ஊருக்குப் போய்வர வேண்டுமாம். செலவு அவர்களுடையது. எந்த ஊர் என்று நாம் சேர்ந்து முடிவெடுத்துப் பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். ஃபோனில் பேசினால் போன தீபாவளி மாதிரி பாதியில் வைத்துவிடுவோம், அதனால் எழுதித்தான் பேச வேண்டும் என்கிறான் ஜெயமுருகன். கல்யாணமாகி இரண்டு வருடமாக நாம் பேசிக்கொண்ட லட்சணம் அப்படி.

எனக்கு ஊட்டி சரியென்று படுகிறது. குளிரில் மூன்று நாள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கலாம். இங்கே கேரட் இறக்க வந்த உங்கள் ஊர் வேன்காரர் கந்தவேலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஜோதிமணி ஞானவேல்


பூம்பாறை
24.11.2024

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். கந்தவேல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கிறவரை நகரவில்லை. "அக்கா, ஊட்டியாமே?" என்கிறான். நீங்கள் உறையை ஒட்டவில்லை போலிருக்கிறது.

ஊட்டிக்கு நான் எதற்கு? காலையில் குழாயைத் திறந்தால் கை விறைக்கும் ஊரில் இருக்கிறேன். குல்லா மாட்டிக்கொண்டு இன்னொரு மலைக்குப் போய் அங்கேயும் கேரட்டைப் பார்ப்பதா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

எனக்குக் கடல் பார்க்க வேண்டும். ஐம்பத்து நான்கு வயதாகிறது, மதுரையைத் தாண்டியதில்லை. ராமேஸ்வரம் போவோம்.

ஒன்று மட்டும். மூன்று நாள் ஒரே அறையில் படுக்கப்போகிறோம். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வராது. நீங்களே அதை எடுத்தால் நானும் பேசுவேன்.

அன்னக்கொடி


பழனி
28.11.2024

சம்பந்தியம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒட்டிவிட்டேன். மேலே டேப்பும் போட்டிருக்கிறேன்.

ராமேஸ்வரம் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். இருபத்தைந்து வருடமாகத் திருநீறும் சந்தனமும் விற்கிறேன். ஒரு நாளைக்கு நூறு பேர் "யானைப்பாதை எங்கிட்டு இருக்குங்க?" என்று கேட்கிறார்கள். மூன்று நாளாவது தரிசன வரிசை கண்ணில் படாத ஊர் எனக்கு வேண்டும். ஆகவே மதுரை, திருச்செந்தூர், கன்னியாகுமரி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உங்களுக்காக ஊட்டியையும் அடித்தாயிற்று.

கடல் இருக்கணும், வரிசை இருக்கக் கூடாது. யோசித்து யோசித்துப் பார்த்தால் புதுச்சேரி வருகிறது. சாயங்காலமானால் கடற்கரைச் சாலையில் வண்டியே விடமாட்டார்களாம், கையை வீசிக்கொண்டு நடக்கலாமாம். அங்கேயும் ஒரு பிள்ளையார் இருக்கிறார், அவருக்கு வாசலிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிடலாம். திண்டுக்கல்லில் ரயில் ஏறினால் விழுப்புரம், அப்புறம் பஸ். நான் இப்போதே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்துச் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

மனசில் என்ன வைத்திருக்கிறீர்கள்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று நானும் இரண்டு வருடமாகக் குழம்பிக் கிடக்கிறேன். சொல்லிவிடுங்கள்.

ஜோதிமணி


பூம்பாறை
2.12.2024

சம்பந்தியம்மாவுக்கு,

புதுச்சேரி. எனக்குச் சம்மதம். பக்கத்துக் காட்டு வேலுத்தாய், "கடல் ராத்திரியும் சத்தம் போடுமாம், தூங்கவிடாதாம்" என்று பயமுறுத்துகிறாள். போடட்டும், கேட்கத்தானே போகிறேன். மணலில் நடக்க என்ன செருப்பு போடுவார்கள்? எழுதுங்கள்.

கேட்டீர்கள், சொல்கிறேன். கல்யாணச் சீரோடு ஒரு மூட்டை மலைப்பூண்டு கொண்டுவந்தோம். என் வீட்டுக்காரர் வேலுமணி பத்து நாள் உட்கார்ந்து, ஒரே பருமனாகப் பார்த்துக் கையால் பொறுக்கியது. எங்களிடம் அதைவிட ஒசத்தியான பொருள் கிடையாது. மறுவீட்டுக்கு வந்தபோது கை கழுவப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தூறலில் நனைந்து கெடக்கு அந்த மூட்டை. அவரும் பார்த்துவிட்டார். "இந்த வாசப்படி நான் மிதிக்க மாட்டேன்" என்றவர், இன்றுவரை மிதிக்கவில்லை. வாழப்போன பிள்ளை தலையில் சண்டையைக் கட்டக் கூடாதென்று லாவண்யாவிடம்கூட நாங்கள் மூச்சுவிடவில்லை.

அன்னக்கொடி


பழனி
6.12.2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அதற்கப்புறம் வியாபாரம் ஓடவில்லை.

மூட்டையை அங்கே இழுத்துப்போட்டது நான்தான். அந்தத் தை மாதம் இவர் தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டால் பூண்டு, வெங்காயம் எங்கள் வாசல் தாண்டாது. எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம், உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். கல்யாணச் சோலியில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. பூசம் முடிந்து எடுத்துவைக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் முளைத்து, பாதி அழுகிவிட்டது. குப்பையில் கொட்டினேன். பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் கையால் பொறுக்கியது என்று தெரிந்திருந்தால் என் தலையில் சுமந்துகொண்டு நின்றிருப்பேன்.

என் தப்புதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வரவில்லையென்றால் நானும் போகவில்லை. பத்தாம் தேதிக்குள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மணலுக்கு ரப்பர் செருப்பு போதும். உங்கள் அளவு தெரியாமலே ஒரு ஜோடி வாங்கிவிட்டேன், நீலக் கலர்.

ஜோதிமணி


பூம்பாறை
9.12.2024

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஊரில் மாலை போட்டவரும் பூண்டு மூட்டைக்கு நடுவில்தான் பாய் விரிப்பார். மேலே பரண், கீழே பாய், எல்லாம் பூண்டு. விரதம் இருக்கிற வீட்டுக்குள் பூண்டு வரக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்குமென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு மலையேறியது எங்கள் தப்பு. அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம், "அந்த அண்ணன் இந்த வருசம் எப்ப மாலை போடுறாரு, கேட்டு எழுது" என்றார்.

கந்தவேல் மூலம் அங்கே விசாரித்துவிட்டோம். மார்கழி பத்து, அதாவது இருபத்தைந்தாம் தேதியாம். ஆகவே அதற்கு முன்பே, பத்தொன்பதாம் தேதி சாயங்காலம், என் வீட்டுக்காரரே என்னை உங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். கையில் ஒரு மூட்டையும் இருக்கும். எங்கே இறக்க வேண்டும் என்று நீங்களே அவருக்குக் கையைக் காட்டுங்கள்.

ஊர் புதுச்சேரிதான் என்று லாவண்யாவிடம் சொல்லிவிட்டேன். என் செருப்பு அளவு ஏழு.

உங்கள் அன்னக்கொடி


பழனி
12.12.2024

மதினிக்கு,

செருப்பு ஏழுதான். மாற்ற வேண்டியதில்லை.

அடுப்படிப் பரணிலிருந்த பித்தளைக் குடம், அண்டா எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். முழுப் பரணும் காலி. நடு வீடு தாண்டித்தான் அண்ணன் அதைச் சுமந்து வர வேண்டும், முன்வாசல் வழியாக. காபி போட்டு வைக்கிறேன்.

மறுநாள் வெள்ளனே கிளம்பணும். வெரசா வந்து சேருங்கள்.

ஜோதிமணி