பேரையூர்ப் பெண்ணிடம் கேட்டது

ஐப்பசி 12, செவ்வாய்

பிள்ளை பெற்றதிலிருந்து தூக்கமும் பேச்சும் இல்லை என்று செல்வியைப் பேரையூரிலிருந்து அவள் கணவர் எங்கள் மனநலப் பிரிவுக்கு அழைத்து வந்தார். “செத்துரலாம்னு தோணுதாம்மா?” என்று கேட்டேன். கணவர் கோபமாக எழுந்துவிட்டார்.

“இல்லாத நெனப்ப நீங்களே எடுத்துக் குடுக்காதீங்க சிஸ்டர்.”

கேட்பதால் அந்த எண்ணம் வராது என்றேன். அவர் ஒப்பவில்லை. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் செல்வியிடம் மறுபடி கேட்டேன்.

“நேத்து கிணத்து மேடு வரைக்கும் போயிட்டேன்க்கா. யாருமே கேக்கல” என்று அழுதாள்.

டாக்டரிடம் சொல்லி உடனே அட்மிட் செய்ய வைத்தேன். கணவர் என்மேல் புகார் கொடுத்திருக்கிறார். நாளை மேட்ரன் விளக்கம் கேட்பார். கேட்கட்டும். செல்வி வார்டில் தூங்குகிறாள். சேதி கேட்டு வந்த அவள் அம்மா பிள்ளையோடு அருகில் இருக்கிறார். நாளை வருகிறவளிடமும் இதையேதான் கேட்பேன்.