உயர்த்திய கெப் வண்டியின் ஸ்டியரிங்கைப் பாரம் ஏற்றிப் பரிசோதிக்கக் கோரல்

அனுப்புநர்:
சந்தியாப்பிள்ளை அருளப்பு,
கோயில் வீதி, நெடியவட்டை,
படுவான்கரை, மட்டக்களப்பு.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வாகனப் பரிசோதனைப் பிரிவு,
மட்டக்களப்பு.

விடயம்: 04.09.2025 அன்று என் கெப் வண்டிக்கு விதிக்கப்பட்ட வீதித் தடையை மீளப் பார்த்தல்

மதிப்புக்குரிய ஐயா,

1. இதே விடயமாக நான் எழுதும் மூன்றாவது மனு இது. முதல் இரண்டும் கிடைத்ததாக அட்டை வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. தங்களுக்கு வேலை அதிகம் என்பதை அறிவேன். எனக்கும் எழுதி அலுத்துவிட்டது. ஆனால் இன்னும் சில வாரங்களில் மாரி தொடங்கிவிடும் என்பதால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

2. என் மனைவி மார்கிறட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் நகர வைத்தியசாலையில் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். போகும் வழியில் ஒரு தாம்போதி, வெள்ளம் மேலால் பாயவிட்டுக் கட்டிய தாழ்ந்த பாலம், இருக்கிறது. குளத்து வான்கதவைத் திறந்தால் வீதிக்கு மேலால் முழங்கால் தாண்டித் தண்ணீர் ஓடும். சென்ற கார்த்திகையில், நான்கு சில்லும் இழுக்கும் என் பழைய கெப் நடுத் தாம்போதியில் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. உழவு இயந்திரம் கட்டி இழுத்தார்கள், நகரப் பக்கம் அல்ல, ஊர்ப் பக்கம். இரண்டு தவணை தவறியது. எட்டாம் நாள் வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனபோது அவருக்கு நெஞ்சுக்குள் நீர் கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை அதைப் பார்க்க என்னால் முடியாது.

3. ஆகவே இவ்வருடம் சித்திரையில் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினேன். பாரம் தாங்கும் வில்லுக்கும் சில்லின் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, பெரிய டயர் போட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அது என் பிழை. செங்கலடிக்குப் போகும் வழியில் சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கியது. நிறுத்தும்வரை என் இரண்டு கையும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து ஆடின. அதன்பின் ஒரு கிழமை மார்கிறட் என்னோடு அளவாகத்தான் பேசினார்.

4. காத்தான்குடியில் கராச் வைத்திருக்கும் முகைதீன்பாவா அந்தக் கட்டைகளைக் கழற்றி எறிந்தார். உயரத்துக்கேற்ற புது வில்லும் நீளமான சொக் அப்சோபரும் போட்டார். ஸ்டியரிங் கம்பி சரிந்து நிற்காதபடி அதைத் தள்ளும் இரும்புக் கையை மாற்றி, உதறலை அடக்க ஸ்டியரிங்குக்கும் தனியாக ஒரு சொக் பூட்டினார். பிறகு பின் சில்லிலிருந்து முன் சில்லுக்கு நூல் பிடித்து நேர் பார்த்தார். நூல் பிடிக்கும்போது வண்டியில் வழக்கமாகப் போகும் பாரம் இருக்க வேண்டும் என்பது அவருடைய முறை. பாரத்தில் வில்லு அமர்ந்தால்தான் ஸ்டியரிங் நேரே வந்து நிற்குமாம். அதற்காக மார்கிறட்டை முன் ஆசனத்தில் இருத்தி, பின்னுக்கு மூன்று நெல்மூடை ஏற்றினார். மார்கிறட் அரைநாள் அசையாமல் இருந்து கொடுத்தார். திரும்பி வரும்போது ஒற்றைக் கையால் ஓட்டினேன், வண்டி ஆடவில்லை.

5. மாற்றத்தைப் பதிவில் ஏற்ற நானாகவே தங்கள் பிரிவுக்கு வந்தேன். "நீங்களாப் போய்த் தலையக் குடுக்காதீங்க அண்ணன்" என்றார் முகைதீன்பாவா. நான் கேட்கவில்லை. அத்தோடு இன்னொரு மடத்தனமும் செய்தேன். அரச அதிகாரிக்கு முன் அழுக்கு வண்டியோடு நிற்பது மரியாதை இல்லை என்று, மூடைகளை இறக்கி, உள்ளும் புறமும் கழுவி, மார்கிறட்டையும் வீட்டில் விட்டு, வெறும் வண்டியைக் கொண்டுவந்தேன். வெறும் வண்டியில் ஸ்டியரிங் ஒரு விரற்கடை இடப்பக்கம் சரிந்து நின்றது. பரிசோதகர் அதைக் கண்டு, ஓட்டிப் பாராமலே, வண்டி வீதியில் ஓடக்கூடாது என்று தடை எழுதினார். நான் மனைவியையும் நெல்மூடையையும் பற்றி விளக்கியபோது அவர் சிரித்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

6. கணினியில் நேர் பார்த்த அறிக்கை ஒன்று கொண்டுவரும்படி சொன்னார். அந்த இயந்திரம் உள்ள இடத்தில் விசாரித்தேன். இந்த உயரத்தில் வண்டி அவர்களுடைய மேடையில் ஏறாது. பழைய உயரத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தால் பார்த்துத் தருவார்களாம். உயர்த்திய வண்டி நேராக ஓடுகிறது என்று காட்ட, அதைத் தாழ்த்த வேண்டும். தாழ்த்தினால் தாம்போதி தாண்டாது. இதை முன்னைய இரண்டு மனுவிலும் எழுதியிருந்தேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

7. இப்போது அயலவர் ரதீஸின் ஓட்டோவில் போய்வருகிறோம். வீதி காய்ந்திருக்கும்வரை அது போதும். சென்ற கிழமை மார்கிறட், "மழை வந்தா விடுங்க, எத்தின பேர்ட்டக் கெஞ்சிற" என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியவில்லை.

ஆகவே ஐயா, ஒரு பரிசோதகரை எங்கள் ஊருக்கு அனுப்பிவைக்கும்படி வேண்டுகிறேன். மார்கிறட் முன் ஆசனத்தில் இருப்பார், மூடைகள் பின்னுக்கு இருக்கும், பரிசோதகரே ஓட்டிப் பார்க்கட்டும். எங்கள் வீதியில் பள்ளத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஸ்டியரிங் உதறினால் பூட்டிய எல்லாவற்றையும் அன்றே கழற்றிவிடுகிறேன். உதறாவிட்டால் தடையை நீக்கித் தாருங்கள்.

தங்கள் உத்தரவை இன்றுவரை நான் மீறவில்லை. வண்டி முற்றத்தை விட்டு அசையவில்லை. ஆனால் தாம்போதிக்கு மேல் தண்ணீர் வந்தபின் வரும் முதல் செவ்வாயோ வெள்ளியோ, அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலை ஐந்தரைக்கு நான் அதை எடுப்பேன். ஒளித்து ஓடினேன் என்று பின்னர் யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகவே முன்கூட்டி எழுதுகிறேன். போவதற்கு ஒரு வழிதான் இருக்கிறது. என்னைத் தடுப்பதானால், தயவுசெய்து திரும்பி வரும்போது தடுக்கவும்.

இடம்: நெடியவட்டை
திகதி: 15.10.2025

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
ச. அருளப்பு