லோஞ்சியின் ஊதலும் நோன்புக் கஞ்சியும்

மூதூர்
22.08.1978

அன்பு மகன் பாயிஸுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் உண்டாகட்டும். நாங்கள் சுகம், நோன்பும் நல்லபடியாகப் போகிறது. குவைத் வெயிலில் நீ நோன்போடு வேலை செய்வதை நினைத்தால்தான் மாலையில் எனக்கு முதல் மிடறு இறங்குவதில்லை. தங்கச்சி லைலாவைத் தூக்கி லோஞ்சிப் படகில் ஏற்றிவிட்டால் பயம் தன்னால் போய்விடும் என்று எழுதியிருந்தாய். போகாது மகன், கூடும். போன மாரியில் நடுக்குடாவில் அவள் இருந்த லோஞ்சியின் எஞ்சின் நின்று தண்ணீர் ஏறியபோது, உதவி வரும்வரை விடாமல் ஊதினார்கள் அல்லவா, அன்றிலிருந்து லோஞ்சியின் ஊதல் கேட்டாலே அவளுக்குக் கை கால் குளிர்ந்துவிடுகிறது. ஜனவரியில் அவளுக்கு அக்கரைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது, கடல் தாண்டமாட்டேன் என்றால் படிப்பு இதோடு நின்றுவிடும்.

முன்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு ரஷ்ய அறிஞர் நாயை வைத்துச் செய்த சோதனையைப் படித்தேன். மணியடித்து உணவு கொடுத்து, மணியடித்து உணவு கொடுத்து, கடைசியில் வெறும் மணிக்கே அதற்கு வாய் ஊறியதாம். அதே வழியில் ஊதலோடு இனிப்பைச் சேர்க்கலாம் என்று எண்ணி, அவளைத் துறையடிக்குக் கூட்டிப்போய், ஊதும்போதே தொதல் துண்டை வாயில் வைத்தேன். பயம் பெரிது, தொதல் சிறிது. வாந்தி எடுத்தாள்; இப்போது வீட்டில்கூடத் தொதலைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். லோஞ்சிக்குப் பயந்த புள்ளைய தொதலுக்கும் பயப்பட வெச்சிட்டீங்க, உங்கட படிப்பு பொல்லாத படிப்பு என்று வாப்பா சிரித்தார்.

பிறகு நோன்பு வந்தது. வாப்பா வேலை முடிந்து வரும் கடைசி லோஞ்சி கரை சேருமுன் ஊதும், சற்று நேரத்தில் பள்ளிவாசலில் நகரா முரசு அடிபடும், உடனே கஞ்சி. நகரா கேட்டதும் எனக்கே வாய் ஊறுவதை இத்தனை வருடம் கவனியாமல் இருந்திருக்கிறேன்! லைலா இந்த வருடம்தான் முழு நோன்பு பிடிக்கிறாள். வீட்டுக்கு ஊதல் தூரத்துச் சத்தமாகத்தான் வரும், முதலில் அதற்கும் கதவைச் சாத்தினாள், பிறகு சாத்த மறந்தாள். ஒரு மாலை, உம்மா, ஊதிட்டாங்க, கோப்பைய எடுங்க, வாப்பா வந்திருவாரு என்று குசினிக்குள் ஓடி வந்தாள். அவள் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். நான் அவசரப்படவில்லை. கஞ்சியை முதலில் தெருச்சந்திக்கு, பிறகு துறையடிக்குக் கொண்டுபோனோம். முகம் மாறினால் அன்று அதற்குமேல் நெருங்குவதில்லை. நேற்று, கட்டிநின்ற லோஞ்சிக்குள்ளேயே நோன்பு திறந்தாள். ஓட்டுகிற ஸெய்னுதீன் காக்கா, என்ட ஊதலுக்கு ஊரெல்லாம் ஏசுது, இவளுக்கு மட்டும் வாய் ஊறுது என்றார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கோப்பை கேட்டாள்.

முழுதாகத் தீர்ந்தது என்று சொல்ல ஏலாது. வாடைக்காற்று தொடங்கினால் பழைய பயம் எட்டிப்பார்க்கும். அப்போது திரும்பவும் தூரத்திலிருந்து தொடங்குவோம். நீ எழுதும்போது அவளைக் கேலி செய்யாதே. விடியுமுன் ஸஹருக்கு வெறும் தேத்தண்ணீரோடு நிற்காமல் ஏதாவது சாப்பிடு. உன் உடம்புக்குச் சுகமும் கைக்குப் பரக்கத்தும் கேட்டு எந்நேரமும் துஆச் செய்கிறேன்.

ஒன்று மட்டும், உறையை எறிந்துவிடாதே. நாளைக் காலை வாப்பாவோடு கடல் தாண்டிப்போய்ப் பட்டணத்துத் தபாற்கந்தோரில் தானே இதைப் போடுவதாக லைலா சொல்லியிருக்கிறாள். ஏலாவிட்டால் இங்கேயே போட்டுவிடு, ஒன்றும் குறைந்துவிடாது என்றேன். முத்திரைமேல் எந்த ஊரின் பெயர் குத்தியிருக்கிறது என்று பார், மகன்.

உன் உம்மா
ரபீக்கா