இடது இறக்கைக்குள் வெர்லின் எழுதியது

மார்ச் 12, சனி

எஞ்சின் ஏற்றியாகிவிட்டது. ஒன்பது வருடமாக என் கராஜில் துண்டு துண்டாகக் கிடந்தது இப்போதுதான் விமானம் மாதிரி இருக்கிறது. ஜூனில் பறக்கும், நான்தான் ஓட்டுவேன். சனிக்கிழமைதோறும் உதவ வரும் நண்பன் வெர்லின் வழக்கம்போல் ரூபார்ப் கேக்கில் பாதியைத் தின்றுவிட்டு, "இது மேல போறதுக்குள்ள நமக்கே தேவதை ரெக்கை முளைச்சிடும்டா லோவெல்" என்றான். என் மனைவி ஆர்டிஸ் சிரித்த சிரிப்பில் காபியைக் கொட்டிவிட்டாள்.

மார்ச் 15

இடது இறக்கைக்குள் ஏதோ உருள்கிறது. திருகாணியாக இருக்கும். உள்ளே விட்டுப் பார்க்கக் கம்பிக் கேமரா ஒன்று வாங்க வேண்டும்.

மார்ச் 16

திருகாணிதான். கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது.

இறக்கையை மூடும் முன், உதவிய நண்பர்கள் உள்ளே ஆளுக்கு ஒரு வரி எழுதுவது வீட்டிலேயே விமானம் கட்டும் எங்கள் கூட்டத்தின் வழக்கம். சொந்தக்காரன் படிக்கக் கூடாது. பெரும்பாலும் கெட்ட ஜோக்குதான். நாலு வருடத்துக்கு முன் வெர்லின் எழுதியது: "லோவெல், பின் சட்டத்தில் விளிம்பை ஒட்டி இரண்டு ஓட்டை தப்பாகப் போட்டுவிட்டேன். பட்டி வைத்துப் பூசி மறைத்துவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை."

இதுவும் ஜோக் என்றே நினைத்தேன். கேமராவைத் திருப்பினேன். இரண்டு பூச்சுத் திட்டுகள். இறக்கையை உடம்போடு பிடித்து வைக்கிற சட்டம் அது.

நாலு வருஷம்டா பாவி. சனிக்கிழமை தவறாம வந்து, என் எதிர்ல உக்காந்து சிரிச்சியே.

மார்ச் 19

வந்தான். படத்தைக் காட்டினேன்.

"அப்பவே சொல்லியிருந்தா என்னை உள்ள விட்டிருப்பியா? கேரல் போனப்புறம் எனக்குச் சனிக்கிழமைன்னா இந்த கராஜ்தான்" என்றான். கேரல் அவன் மனைவி.

"நான் அதுல ஏறி உக்காரும்போதும் சும்மா பாத்துக்கிட்டு இருந்திருப்பே."

"அதுக்கு முன்னாடி சொல்லியிருப்பேன்."

"எப்ப?"

தொப்பியைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். போகச் சொன்னேன்.

மார்ச் 20

ஓட்டையைத் தப்பாக யார் வேண்டுமானாலும் போடுவார்கள். நான் செத்தால் சாகட்டும் என்று இருந்துவிட்டானா? இல்லை, அப்படி நினைத்திருக்க மாட்டான். என்னைப் பற்றி நினைக்கவே இல்லை — அதுதான் பொறுக்கவில்லை.

ஏப்ரல் 9

பழைய சட்டத்தின் ரிவெட் ஆணிகளைத் தனியாகவே துளைத்து எடுத்தேன். எங்கள் கூட்டத்து டுவைட், "உன் இறக்கையில காத்தோட்டம் பிரமாதமாமே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 30

புதுச் சட்டம் வந்துவிட்டது. ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வெளியிலிருந்து அடிக்க, ஒருவர் பின்னால் இரும்புக்கட்டை பிடிக்க. ஆர்டிஸ் பிடித்தாள். முப்பதாவதில் கட்டை நழுவித் தகடு நெளிந்தது. உடனே சொன்னாள். நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

கட்டையை மேசைமேல் வைத்தாள். "இத்தனை நாள் வெர்லினைத் திட்டிக்கிட்டு இருந்தேன், அவன் ஏன் வாயைத் திறக்கலைன்னு இப்பதான் புரியுது. வேற ஆளைப் பாத்துக்கோ."

மே 8

ஆர்டிஸிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. கட்டை பிடிக்க வரச் சொல்லி வெர்லினுக்குப் போன் செய்தேன். தப்பு நடந்தால் அங்கேயே சொல்ல வேண்டும் என்றேன்.

"சொன்னா கத்துவியே."

"கத்துவேன்."

மே 14

ஒன்பது மணிக்கு வந்தான். கேக் வேண்டாம் என்றுவிட்டான். நான் அடித்தேன், அவன் கட்டை பிடித்தான். நூற்றுப் பத்து ரிவெட். அவன் போனதும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.