போன மாத விலை

புதன்கிழமை காலை

அன்பு மகள் மெர்லிண்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வரும் நேரம் நீயும் உன் முதலாளியம்மா வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். உன்னைப் போலவே அங்கே வேலை செய்யும் நம் ஊர் பூரித்தா விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங் திரும்புகிறாள். சனிக்கிழமை மதியம் வந்து கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

போனில் பேசலாமே என்பாய். போன் உன் தம்பி ரோமெலின் கையில் இருக்கிறது. ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு அவனும் உன் அம்மாவும் உன் மகள் ஷைலாவும் சுற்றி நிற்கும்போது எனக்கு வார்த்தை வருவதில்லை. "அப்பா தலைய ஆட்டிக்கிட்டே இருக்காரு. அது போன்ல கேக்காதுப்பா" என்று ரோமெல் சிரிக்கிறான். எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஒழுங்கு வரும்.

நீ போன வாரம் கேட்டது ஒரே கேள்வி. "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, இல்ல டிசம்பர்ல வீட்டுக்கு வந்துடவா? நீங்கதானப்பா விலைவாசி ஆளு, நீங்க சொல்லுங்க." மாதக் கடைசிக்குள் முதலாளியம்மாவுக்கு நீ பதில் சொல்ல வேண்டும் என்பது நினைவிருக்கிறது. அலுவலகப் பழக்கம் விடவில்லை, பொருளடக்கத்தை முதலில் தருகிறேன்.

1. வீட்டார் உடல்நலம், ஷைலா.
2. நம் மாகாணத்தின் விலைவாசி, ஜூலை முதல் செப்டம்பர் வரை.
3. ரோமெலின் பன்றிப் பண்ணை நிலவரம்.
4. முடிவு: கையெழுத்துப் போட வேண்டாம். டிசம்பரில் வீட்டுக்கு வந்துவிடு.

முடிவை முன்னாலேயே எழுதுவது முறையில்லை. ஆனால் நீ கடிதத்தைப் பிரித்ததும் அதைத்தான் தேடுவாய்.

முதலாவது. என் முழங்கால் முன்போலத்தான். அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், தலைசுற்றல் குறைந்திருக்கிறது. ஷைலா நன்றாகப் படிக்கிறாள். நீ போன் செய்யும் நேரம் நெருங்கினால், படம் தெரியாத அழைப்பாக இருந்தாலும், ஓடிப்போய்த் தலை வாரிக்கொண்டு வருகிறாள். தெருவில் எல்லா வீட்டிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு வழக்கம்போல செப்டம்பரிலேயே ஏறிவிட்டது. நம் வீட்டு விளக்கை மட்டும் அவள் மாட்டவிடவில்லை. "அம்மா வந்து மாட்டுவாங்க. யாரும் தொடாதீங்க" என்று அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறாள்.

இரண்டாவது. போன வருடத்தோடு ஒப்பிட்டால் நம் மாகாணத்தில் பொருள்களின் விலை ஜூலையில் 4.1 சதவீதம் ஏறியிருந்தது. ஆகஸ்டில் அது 2.8 ஆகக் குறைந்தது. செப்டம்பரில் 1.3. எத்தனையோ வருடங்களில் இவ்வளவு தாழ்ந்த எண்ணை நான் பார்த்ததில்லை. வானொலியில் இதே பேச்சு. "இனிமே வீட்டுக்காரரத் திட்டறதுக்கு அம்மாமாரெல்லாம் வேற காரணம் தேடிக்கணும்" என்று அறிவிப்பாளர் சொல்ல, உன் அம்மா வானொலியைப் பார்த்து, "காரணத்துக்கா பஞ்சம்?" என்றாள்.

கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது என் வழக்கம் இல்லை, அதனால் பிரித்துப் பார்த்தேன். அரிசி நின்ற இடத்தில் நிற்கிறது. மீன் சற்று ஏற்றம். மின்கட்டணம் ஏற்றம். இறக்கம் அத்தனையும் பன்றி இறைச்சியில். ஜூலையில் கிலோ 340 பெசோ, ஆகஸ்டில் 300, செப்டம்பரில் 220. சாதாரணமாக இது நேர்மாறாக நடக்க வேண்டும். நவம்பரில் ஊர்த் திருவிழா, அடுத்து கிறிஸ்துமஸ்; வீட்டுக்கு வீடு முழுப் பன்றியைத் தணலில் வாட்டும் காலம். செப்டம்பரிலிருந்தே விலை ஏறத் தொடங்கிவிடும். நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒரு வருடம்கூட இது மாறியதில்லை.

ஆகவே நேற்று சந்தைக்குப் போனேன். இறைச்சிக் கடை நெனிதாவை உனக்கு நினைவிருக்கும். என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்காரியிடம், "வந்துட்டாருடி. வெல கேப்பாரு, வாங்க மாட்டாரு" என்றாள். பிறகு என்னிடம், "ரிட்டயர் ஆகியும் விடலியா ஐயா? இப்ப யாரு சம்பளம் தர்றா?" என்றாள். வெட்கத்தில் அரைக் கிலோ வாங்கினேன். ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டதற்கு, "மலைமேல இருந்து லாரி லாரியா வருது. எல்லாருக்கும் ஒரே நாள்ல பணக்காரனாகணும்" என்றாள். வரத்து கூடினால் விலை இறங்கும்; இது நியாயமான விளக்கம்தான். ஒன்று மட்டும் உறுத்தியது. அவள் முன்னால் இறைச்சி குவிந்து கிடக்கிறது, மதியச் சோற்றுக்கு அவள் வைத்திருந்தது கருவாடு. தினமும் இறைச்சியைத் தொடுகிறவளுக்கு அலுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது. ரோமெலிடம் ஏற்கெனவே இருபது பன்றிகள் இருந்தன. இரண்டு வாரம் முன்பு, நீ அனுப்பிய பணத்தில், மலையூரிலிருந்து இன்னும் இருபது வாங்கினான். பாதி விலை. கொஞ்சம் பொறுக்கலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். "வெல எறங்குனா வாங்கணும், ஏறுனா விக்கணும். இது தெரிய ஆபீஸ்ல முப்பது வருஷம் உக்காரணுமாப்பா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. உழைக்கிறான். கழனித்தண்ணியைக் காய்ச்சி ஆற வைத்துத்தான் ஊற்றுகிறான், நோய் அண்டாமல் இருக்க வாசலில் சுண்ணாம்பு போட்டிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு நாற்பதும் விற்றால் உன் ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல் வரும், அதை வைத்துப் பண்ணையையும் தொடரலாம். அவன் கணக்கை நான் இரண்டு முறை சரிபார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

நான்காவதை விளக்கமாக நாளை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை

இன்று மாதாந்தர விலை எடுக்கும் நாள். புள்ளியியல் அலுவலகத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் ஜெர்வின் நல்ல பையன், அவனோடு சந்தைக்குப் போனேன். அவன் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். இறைச்சி வரிசையில் நெனிதாவின் பலகை கழுவிக் காய்ந்து கிடந்தது. மற்றக் கடைகளிலும் பன்றி இறைச்சி இல்லை. கோழி மட்டும்தான்.

ஜெர்வின் விலை பதியும் கருவியில் ஏதோ தட்டினான். என்ன போட்டாய் என்று கேட்டேன். "220 ஐயா. சரக்கு இல்லேன்னா போன மாச வெலதானே? நீங்க இருந்தப்பவும் இதானே விதி?" என்றான். ஆமாம், அதுதான் விதி. புயல் அடித்துப் படகு வராத மாதங்களில் நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். நல்ல விதிதான், ஒரு மாதத்து இல்லாமைக்காக எண் குதிக்கக் கூடாது. ஆனால் அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தேன். அக்டோபர் விலையேற்ற விகிதமும் அழகாகத்தான் வரும். வானொலிக்காரர் மறுபடியும் வேடிக்கை பேசுவார். சந்தையில் ஒரு துண்டு இறைச்சி கிடைக்காது, மாகாணம் முழுவதும் கிலோ 220 என்று எழுதியிருக்கும்.

நெனிதா சும்மா உட்கார்ந்திருந்தாள். இன்று கிண்டல் இல்லை. "ஐயா, கிட்ட வாங்க" என்று கூப்பிட்டாள். "மலைமேல பன்னி கத்தறது நின்னுபோச்சு. எங்க அக்கா வீடு அங்கதான். வெளக்கு வெச்சா தவளச் சத்தம்தான் கேக்குதாம்." அதிகாரிகளுக்குத் தெரியுமா என்றேன். "யாரு சொல்லுவா? சொன்னா வந்து நல்லது கெட்டது பாக்காம எல்லாத்தையும் குழியில தள்ளிடுவாங்க. நஷ்டஈடு பேரன் கல்யாணத்துக்கு வரும். அதான் எழுந்து நிக்கறப்பவே வித்துத் தொலச்சாங்க. நானும்தான் வாங்கி வித்தேன். இந்தச் சீக்கு மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னாங்க, பன்னிக்குத்தான் எமன்னாங்க." பிறகு, "ரோமெல் தம்பி எங்க வாங்குச்சு?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒருத்தி சந்தையில் சொன்னதை வைத்து முடிவுக்கு வருவது முறையா என்று எனக்கே சந்தேகம். மாலையில் பண்ணைக்குப் போனேன். புதிதாக வந்ததில் ஒன்று மூலையில் படுத்திருந்தது. காது ஓரம் கருஞ்சிவப்பாக இருந்தது. ரோமெல், "வெயிலுப்பா" என்றான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு வராதீங்க, பன்னியே பயந்து செத்துடும்" என்றான். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை

மேலே நான்காவதை விளக்குவதாகச் சொல்லியிருந்தேன்.

தீவனம் வைக்கும் வேளையில் நம் வீட்டில் எவ்வளவு சத்தம் இருக்கும் என்று நீ போனிலேயே கேட்டிருக்கிறாய், "என்னப்பா அங்க சண்டையா?" என்பாய். இன்று காலை ரோமெல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது ஷைலா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு நிமிர்ந்து, "தாத்தா, இன்னிக்கு யாருமே சோறு கேக்கலியா?" என்றாள்.

ஒன்பது செத்துக் கிடந்தன. அதில் மூன்று முன்பிருந்த பழையவை. மீதி நிற்கின்றன. சில தின்கின்றன, சில நிற்க மட்டும் செய்கின்றன.

ரோமெல் வெகுநேரம் வாளியைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஒரு வியாபாரிக்குப் போன் செய்தான். நிற்பவை அத்தனையையும் லாரியில் ஏற்றி, தெற்குக் கரைக்குப் போய், அங்கிருந்து படகில் பக்கத்துத் தீவுக்குக் கொண்டு போவார்களாம். இன்னும் நல்ல விலை கொடுக்கிறானாம், அந்தத் தீவுக்குச் செய்தி போகவில்லை. அங்கேயும் யாராவது ஒருவன் மலிவு என்று இரண்டு வாங்கித் தன் பன்றிகளோடு கட்டுவான். நம் வீட்டில் நடந்தது அதுதானே.

வேண்டாம் என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். ரோமெல் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்து நின்று, "அக்கா வரணுமா வேணாமாப்பா? அத மட்டும் சொல்லுங்க. இன்னிக்கு வித்தா அக்கா வர்றா. நாளைக்கு விக்க ஒண்ணும் இருக்காது. ஊரே பண்ணுது, நாம மட்டும் என்ன புனிதரா?" என்றான்.

மர நாற்காலியை எடுத்துப்போய்ப் பண்ணை வாசலில், சுண்ணாம்புக் கோட்டின் மேல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பகுதியை அங்கிருந்துதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். சனிக்கிழமை கால்நடை அலுவலகம் இல்லை, ஜெர்வின் மோட்டார் சைக்கிளில் மருத்துவரின் வீட்டுக்கே போயிருக்கிறான். நான்தான் அனுப்பினேன். மருத்துவர் முதலில் வருவாரா லாரி முதலில் வருமா தெரியவில்லை. "நாற்காலியோட தூக்கி ஓரமா வெச்சுட்டா என்ன பண்ணுவீங்க?" என்று ரோமெல் கேட்டான். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அவன் என் எதிரில் மண்ணில் உட்கார்ந்திருக்கிறான், முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் ஏறியதும் உன் அம்மா குடையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நீ தம்பியைத் திட்டாதே. என்னைக் கேட்டால், நீ வரும் வழியை மறித்து உட்கார்ந்திருப்பவன் நான்தான். நான் எழுந்து நகர்ந்தால் போதும், நீ டிசம்பரில் வந்துவிடலாம். நூறு தடவை நினைத்துவிட்டேன். முழங்கால் வலிக்கிறது, எழுந்திருக்க நல்ல சாக்கு அது. இதுவரை எழவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் அக்டோபர் விகிதத்தைச் சொல்வார்கள். யாராவது உனக்கு அனுப்பி, ஊரில் எல்லாம் மலிவாம் என்று சொன்னால் நம்பாதே. அதன் பிறகு வரும் மாதங்களைப் பற்றி நான் எதுவும் கணிக்க விரும்பவில்லை.

ஷைலாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ போனில் சொல்ல வேண்டாம். நட்சத்திர விளக்கை இன்று மாலை இறக்கி, துடைத்து, நானே மாட்டிவிடுகிறேன். அவள் பிடித்துக்கொள்ளட்டும்.

தெருமுனையில் பூரித்தா வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஏதோ வண்டிச் சத்தம் கேட்கிறது, எது என்று இங்கிருந்து தெரியவில்லை. ஆசி வாங்க என் கையை எடுத்து உன் நெற்றியில் வைத்துக்கொண்டதாக நினைத்துக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும், உன் முதலாளியம்மா இரக்கமுள்ளவராக இருக்கட்டும், குளிர் காலத்துக்கு நல்ல போர்வை வாங்கிக்கொள். முதல் பக்கத்தை அடித்துத் திருத்த நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கையெழுத்துப் போட்டுவிடு, மகளே. நான்காவது தவறு.

உன் அப்பா,
செவெரினோ